மூணாவது பிள்ளைக்கு மட்டும் ஏன் கைவிரிக்கிறோம்?

தேவகோட்டை இ-சேவை அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். ஏழு வருடமாக இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற வேலை எனக்கு. யாருக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய இடம் இது. போன வாரம் சொன்ன ஒன்று இன்னும் நெஞ்சில் நிற்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆத்தங்குடிப் பக்கத்துப் பெண், தளக்கல் பட்டறையில் வேலை. கண்ணாடி மேல் அச்சு வைத்து வர்ணம் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் இறக்கி எடுத்து வெயிலில் அடுக்குகிற வேலை. கையெழுத்துப் போடப் பேனாவைப் பிடித்தபோது பார்த்தேன், சிமெண்ட் தின்று விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. ஏழாவது மாசம். ஏற்கெனவே இரண்டும் பெண். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் முதல் இரண்டுக்கும் வாங்கியிருக்கிறார். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய்க்கு வருகிற திட்டம், ஆனால் முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும்தான். “அக்கா, இதுக்கு வராதுங்குறாக, நெசமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, “மூணாவதுக்கும் அதே வயிறுதானக்கா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. இந்த வரம்பு சரியா? நம் ஊர்க்காரர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


கண்டனூர் ஓய்வூதியர்:

சரி என்பதுதான் என் கருத்து. ஒளித்துப் பேசி என்ன ஆகப்போகிறது.

1979இல் எனக்குக் கல்யாணம். முதலில் பெண், அடுத்தது பையன். ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்று சுவருக்குச் சுவர் சிவப்பு முக்கோணம் போட்டிருந்த காலம். நானே ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டேன். பெண்டாட்டியை அனுப்பவில்லை, நான் போனேன். என் தாயார் ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தெருவில் என்னென்னவோ சொன்னார்கள். அரசாங்கம் சொன்னது நியாயம் என்று நம்பித்தான் செய்தேன். தமிழ்நாடு இன்றைக்குப் படிப்பிலும் தொழிலிலும் நிற்கிற இடத்துக்கு வந்ததில் எங்களைப் போன்றவர்களுடைய பங்கும் இருக்கிறது.

இரண்டோடு நிறுத்தியவனும் வரி கட்டுகிறான். நிறுத்தாதவனுக்கும் அதே உதவி என்றால், சொன்னதைக் கேட்டவன் எதற்குக் கேட்டான்? இருக்கிற பணம் இவ்வளவுதான். இரண்டு பிரசவத்துக்கு நன்றாகக் கொடுப்பது மேலா, எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளிக் கொடுப்பது மேலா? அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் ஒரு கோடு எங்கேயாவது போட்டுத்தானே ஆக வேண்டும்.


கல்லல் நர்சம்மா:

கண்டனூர் ஐயாவுக்கு முதலில் ஒரு கும்பிடு. நான் 30 வருடத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் சர்வீஸில் தானாக முன்வந்து ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லா வீட்டிலும் பெண்ணைத்தான் அனுப்புவார்கள். நீங்கள் செய்தது பெரிய காரியம்.

ஆனால் ஐயா, அந்தக் கோடு யார் மேல் விழுகிறது என்பதை நான் வீடு வீடாகப் போய்ப் பார்த்திருக்கிறேன். முதல் பிள்ளைக்கு உண்டானவள் நாள் தள்ளிப்போன உடனே வந்துவிடுவாள். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்தால்தான் முதல் தவணை வரும் என்று மாமியாரே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவார். மூன்றாவதுக்கு உண்டானவளைக் கூட்டிக்கொண்டு வர யாரும் இருக்க மாட்டார்கள். பணமும் இல்லை, போனால் “இன்னும் நிறுத்தலையா” என்று எங்கள் ஆட்களே சத்தம் போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன், இன்றைக்கு அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் வரை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வயல் வேலைக்குப் போய்விட்டு, மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு வருவாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் எட்டுதான் இருக்கும், சில பேருக்கு ஏழு. இரண்டு பெற்று, பால் கொடுத்து, உடம்பில் இருந்ததெல்லாம் போன பிறகு வருகிறவள் அவள். பேரீச்சம்பழமும் நெய்யும் டானிக்கும் வைத்த அந்தப் பெட்டகம் மூன்று பேரில் யாருக்கு அதிகம் தேவை? அவளுக்குத்தான். அவளுக்குத்தான் கிடையாது என்கிறோம்.

1987இல் இந்தத் திட்டம் தொடங்கியபோது 300 ரூபாய். 2006இல் 6,000 ஆனது, 2011இல் 12,000, 2018இல் 18,000. தொகையை எத்தனை தடவை ஏற்றினார்கள், இந்த வரம்பு மட்டும் விலகவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்றாவது ஏன் வந்தது என்று அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். “ஆம்பளப் புள்ள வேணும்னு அவுக சொன்னாக.” பாதிக்கு மேல் இதுதான் பதில். முடிவு ஒருத்தர் எடுக்கிறார், தண்டம் இன்னொருத்தர் கட்டுகிறார்.


வயிரவன்பட்டி வாசகன்:

நர்சம்மா சொன்னது சரி. பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டமும் அப்படித்தானே? ஒரே பெண் என்றால் 50,000, இரண்டு பெண் என்றால் ஆளுக்கு 25,000, ஆண் பிள்ளை இருக்கக் கூடாது, பெற்றோரில் ஒருவர் ஆபரேஷன் செய்த சான்று வேண்டும். 1992இல் பெண் சிசுக்கொலையைத் தடுக்கக் கொண்டுவந்த திட்டம். மூன்றாவதாகப் பிறந்த பெண்ணுக்குத்தான் அந்தக் காலத்தில் ஆபத்து அதிகம், அவளுக்கு இதில் பொதுவாக இடமில்லை.


புதுவயல் பழைய கடைக்காரர்:

நான் கூட்டுறவு ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்தவன். பிள்ளை எண்ணிக்கையைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. எதைத் தலைக்குக் கொடுக்கிறோம், எதை அட்டைக்குக் கொடுக்கிறோம் என்பதுதான் அது.

துவரம்பருப்பு அட்டைக்கு 1 கிலோ, பாமாயில் அட்டைக்கு 1 லிட்டர். இரண்டு பேர் இருந்தாலும் அதுதான், எட்டுப் பேர் இருந்தாலும் அதுதான். சீனி தலைக்கு அரைக் கிலோ, ஆனால் 2 கிலோவோடு நின்றுவிடும், ஐந்தாவது ஆளுக்குக் காப்பியில் இனிப்புக் கிடையாது. அரிசியில் முன்னுரிமை அட்டைக்குத் தலைக்கு 5 கிலோ, முன்னுரிமை இல்லாத அட்டைக்கு 20 கிலோவோடு சரி. மிக ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ, ஆள் கணக்கே கிடையாது. ஆக, பெரிய குடும்பத்துக்கு வரம்பு வைக்கலாமா என்று நாம் இன்றைக்குப் புதிதாகக் கேட்க வேண்டியதே இல்லை. ஏற்கெனவே வைத்தாகிவிட்டது, யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இதனால் என்ன நடந்தது? பில் போடும்போது கண்ணால் பார்த்தேன். அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே வீட்டில், ஒரே உலை. அட்டையில் பதினோரு பேர். வெவ்வேறாகப் பிரித்துக்கொண்டால் பருப்பு மூன்று மடங்கு, எண்ணெய் மூன்று மடங்கு. 2023இல் மகளிர் உரிமைத்தொகை வந்த பிறகு குடும்பத்துக்கு ஒரு பெண்ணுக்குத்தான் மாதம் 1,000 என்பதால் தனி அட்டை கேட்டு இன்னும் நிறையப் பேர் அலைந்தார்கள். பிரித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிரிக்க விவரம் தெரியாமல், தாசில்தார் ஆபீசுக்கும் கடைக்கும் நடக்கச் சம்பளத்தை விட முடியாமல், அதே ஒரு அட்டையில் பதினோரு பேராக நிற்கிற குடும்பம்தான் ஏமாந்து போகிறது. வரம்பு என்று ஒன்று வைத்தால் விவரமானவன் அதைத் தாண்டி வந்துவிடுவான்.


பள்ளத்தூர் ஆச்சி மகள்:

அண்ணே, நீங்கள் தலைக்கா அட்டைக்கா என்று கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டு வழக்கம் ஞாபகம் வந்தது. நகரத்தார் வீடுகளில் பையனுக்குக் கல்யாணம் ஆனால் வேறு வைப்பார்கள். ஒரே வளவு, ஒரே முகப்பு, ஆனால் ஒவ்வொரு மருமகளுக்கும் தனி அடுப்பு. வருடத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, எண்ணெய் என்று மாமியார் அளந்து கொடுத்துவிடுவார். கோயில் கணக்கில் கல்யாணம் ஆனவர் ஒரு புள்ளி, கைம்பெண் அரைப்புள்ளி. வரி புள்ளிக்கு இவ்வளவு என்று போடுவார்கள். பிள்ளை இரண்டா எட்டா என்று கோயில் பார்க்காது.

வசூலிக்க அது நல்ல கணக்கு. கொடுக்கிறபோதுதான் இடிக்கும். எங்கள் அப்பத்தாள் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஆறு பிள்ளைகள், ஓரகத்திக்குப் பிள்ளை இல்லை, இரண்டு பேருக்கும் மாமியார் ஒரே மரக்காலால் ஒரே அளவுதான் அளந்தாராம். ஓரகத்தி ராத்திரியில், யாரும் பார்க்காத நேரத்தில், தன் பானையிலிருந்து ஒரு படி அரிசியைக் கொண்டுவந்து அப்பத்தாள் அடுப்படியில் வைத்துவிட்டுப் போவாராம். ஒருநாள் மாமியார் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. மறு வருடம் அப்பத்தாளுக்கு அளந்தபோது பிள்ளைக்கு ஒரு மரக்கால் கூடுதலாக அளந்தார். பெரிய வீட்டுக்காரர், கண்டிப்பானவர், அவரே மாற்றிக்கொண்டார்.

பின்னால் அந்த ஓரகத்திக்கே அப்பத்தாளின் மூன்றாவது பையனைப் பிள்ளை கூட்டினார்கள், அதாவது தத்துக் கொடுத்தார்கள். அவர்தான் என் சின்னப்பா.


காரைக்குடியான், லண்டனிலிருந்து:

நான் இருக்கிற பிரிட்டனில் இதைச் சட்டமாகவே போட்டுப் பார்த்தார்கள். கேளுங்கள்.

2015இல் அறிவித்தார்கள். 2017 ஏப்ரல் 6 முதல் பிறக்கிற மூன்றாவது பிள்ளைக்கும் அதற்கு மேல் பிறப்பவர்களுக்கும், குறைந்த வருமானக் குடும்பத்துக்குத் தருகிற உதவியில் பிள்ளைக்கான பங்கு கிடையாது. ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 3,500 பவுண்டு அடிபடும். அப்போது சொன்ன காரணம் கண்டனூர் ஐயா சொன்ன அதே காரணம்தான். வேலை பார்த்துச் சம்பாதிக்கிற குடும்பம் கணக்குப் பார்த்துப் பெற்றுக்கொள்கிறது, உதவி வாங்குகிற குடும்பமும் அப்படியே பார்க்கட்டும் என்றார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் அப்போது அதை ஆதரித்தேன். ஆனால் உதவி வெட்டப்பட்ட குடும்பங்களில் பாதிக்கு மேல் யாராவது ஒருவர் வேலைக்குப் போகிறவர். எங்கள் தெருவில் ஒருவர் ராத்திரி சாமான் கிடங்கில் வேலை, மனைவி காலையில் ஆபீஸ் சுத்தம் செய்யப் போவார், மூன்று பிள்ளைகள். கணவருக்கு முதுகுத்தண்டு விலகி வேலை போனபோது மூன்றாவது பிள்ளைக்கு நான்கு வயது. பெற்றபோது அவர்கள் உதவி வாங்குகிற குடும்பமே இல்லை. எந்தக் கணக்கைப் பார்த்திருக்க முடியும் அவர்கள்?

ஆய்வாளர்கள் பின்னால் பார்த்தார்கள். மூன்றாவது பிள்ளை பெறுவது பெரிதாகக் குறையவில்லை. வறுமையில் வளர்கிற பிள்ளைகள்தான் கூடினார்கள். விதிவிலக்கு என்று சிலது வைத்திருந்தார்கள். இரட்டைப் பிள்ளை என்றால் உண்டு. பலாத்காரத்தால் உண்டான பிள்ளை என்றால் உண்டு, ஆனால் அந்தத் தாய் அதை ஒரு நர்ஸிடமோ டாக்டரிடமோ சமூகப் பணியாளரிடமோ சொல்லிப் படிவத்தில் எழுதி வாங்க வேண்டும். அந்தப் படிவத்தைப் பற்றிப் படித்த அன்றைக்குத்தான் என் மனம் மாறியது.

2025 நவம்பர் பட்ஜெட்டில் இந்த வரம்பை 2026 ஏப்ரலிலிருந்து எடுத்துவிடுவதாக அறிவித்தார்கள். 2017 ஏப்ரலில் பிறந்த மூன்றாவது பிள்ளைக்கு அதற்குள் ஒன்பது வயது.


கண்டனூர் ஓய்வூதியர்:

லண்டன் தம்பி சொன்னதைப் படித்தேன். அந்தப் படிவம் விஷயம் கொடுமை, அதை நான் ஆதரிக்கவே மாட்டேன்.

ஆனால் அந்த நாட்டுக் கணக்கும் நம் கணக்கும் ஒன்றில்லை. அங்கே பிள்ளை பதினெட்டு வயது ஆகும்வரைகூட மாதாமாதம் கொடுக்கிற உதவி. இங்கே பிரசவத்துக்கு ஒரு தடவை கொடுப்பது. பேறுகாலச் செலவுக்கு அரசு ஆஸ்பத்திரி இலவசமாகவே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு உண்டு, இப்போது காலைச் சாப்பாடும் வந்துவிட்டது, எத்தனையாவது பிள்ளை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பிள்ளைக்கு வேண்டியதை அரசாங்கம் பிள்ளைக்கே நேராகக் கொடுக்கிறது. பெற்றவர்கள் கையில் பணமாகக் கொடுப்பதற்கு மட்டும் வரம்பு வைத்திருக்கிறது. எனக்கு இது சரியான பிரிவினையாகத்தான் படுகிறது. இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.


மூன்றாமவன்:

நான் பதில் சொல்கிறேன் ஐயா, ஏனென்றால் நீங்கள் சொல்கிற அந்தப் பிள்ளை நான்.

அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். அக்கா, அண்ணன், நான். பள்ளிக்கூடத்தில் சாப்பாடு, சீருடை, புத்தகம், சைக்கிள், லேப்டாப் எல்லாம் எனக்கும் கிடைத்தது. நீங்கள் சொன்னது உண்மை, அதை நான் மறக்கவே மாட்டேன். பன்னிரண்டாவது முடிகிற வரைக்கும் நான் மூன்றாமவன் என்று அரசாங்கம் எனக்குச் சொன்னதில்லை.

அண்ணன் இன்ஜினியரிங் சேர்ந்தபோது முதல் பட்டதாரிச் சான்று வாங்கிக் கல்விக் கட்டணச் சலுகையில் படித்தார். நான்கு வருடம் கழித்து எனக்கு அதே கவுன்சலிங். அதே வீடு, அதே அப்பா, அப்பாவுக்கு அப்போது தோள்பட்டை இறங்கி மூட்டை தூக்க முடியாமல் ஆலையில் கூட்டிப் பெருக்குகிற வேலை. ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு பட்டதாரி இருக்கிறார், ஆகையால் எனக்குச் சான்று கிடையாது. அண்ணனுக்கு வேலை கிடைத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் சம்பளம் முழுக்க என் கட்டணத்துக்குப் போனது. முப்பத்து மூன்று வயதில்தான் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கு முன்னால் மூன்று இடம் வந்து தட்டிப்போனது. வீட்டில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எனக்குத் தெரியும்.

அத்தை வீட்டுக் கதை இன்னொன்று. அத்தை மகளுக்கு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவி கிடைத்தது, அவள் தங்கைக்குக் கிடைக்கவில்லை, குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குத்தான் என்று விதி. அந்தத் திட்டத்தை மாற்றித்தான் 2022இல் புதுமைப் பெண் திட்டம் கொண்டுவந்தார்கள். இப்போது அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000, அக்கா வாங்குகிறாள் என்று தங்கைக்கு மறுப்பதில்லை. 2024இல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்தது. ஒரு இடத்தில் அந்தக் கோட்டை அழித்துவிட்டார்கள், நாடு ஒன்றும் மூழ்கிப் போகவில்லை.


வயிரவன்பட்டி வாசகன்:

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை என்று 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பிறப்பு இறப்பைக் கணக்கெடுக்கிற மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கில் 2020இல் 1.4தான். மூன்றாவது பெறுகிறவர்களே குறைந்துபோன இடத்தில் அவர்களுக்குக் கொடுக்காமல் எவ்வளவு மிச்சம் பிடித்துவிட முடியும்? எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் இந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் நான்கு பிள்ளைகள். வாத்தியார் வீடு வீடாக வந்து பிள்ளை கேட்கிறார்.

மக்கள்தொகையை வைத்து நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறை என்ற பேச்சு வந்த பிறகு, புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் தள்ளிப்போடாமல் பெற்றுக்கொள்ளுங்கள் என்று 2025இல் முதலமைச்சராக இருந்த ஸ்டாலினே மேடையில் சொன்னார். ஆந்திராவில் இரண்டுக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்று இருந்த சட்டத்தை 2024இல் எடுத்துவிட்டார்கள். மேடையில் ஒன்று சொல்லி, படிவத்தில் வேறொன்று கேட்டால் அந்தத் தளக்கல் பட்டறைப் பெண் எதை நம்புவார்?


பள்ளத்தூர் ஆச்சி மகள்:

தொகுதிக்காகப் பெற்றுக்கொள் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை தம்பி. அன்றைக்கு நிறுத்து என்றார்கள், இன்றைக்குப் பெறு என்கிறார்கள், இரண்டு தடவையும் பெண்ணின் உடம்பை வைத்துத்தான் கணக்கு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நம் மாநில அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருடைய வழக்கில் சொன்னதைப் படித்தீர்களா? முதல் கல்யாணத்தில் இரண்டு பிள்ளைகள், மறுமணத்துக்குப் பிறகு ஒன்று, மூன்றாவது என்று சொல்லி மகப்பேறு விடுப்பை மறுத்தார்கள். மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையில் சேர்ந்தது என்று தீர்ப்பு வந்தது. ஆசிரியைக்கு வழக்குப் போட முடிந்தது. பட்டறையில் தினக்கூலிக்கு வேலை பார்ப்பவர் எங்கே போவார்?


கண்டனூர் ஓய்வூதியர்:

மூன்றாமவன் தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். முதல் பட்டதாரி விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. நான் அதை இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. வருமானத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் பிறந்த வரிசையைப் பார்க்கிறார்கள். உங்கள் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பிரசவப் பணத்தில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. ஆனால் பணம் வேண்டாம் என்றாலும் அந்தச் சத்துப் பெட்டகத்தை நிறுத்துவது தப்பு என்று இப்போது படுகிறது. நர்சம்மா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண்ணுக்கு இப்போதைக்கு வேறு எதுவுமே கிடையாதா?


கல்லல் நர்சம்மா:

உண்டு ஐயா. அக்கா, நீங்கள் அந்தப் பெண்ணைப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள். அங்கன்வாடியில் கர்ப்பிணிக்கும் பாலூட்டுகிற தாய்க்கும் சத்துமாவு உண்டு, எத்தனையாவது பிரசவம் என்று பார்க்க மாட்டார்கள், பிள்ளைக்கும் ஆறு மாதத்திலிருந்து உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம் எல்லாம் இலவசம். ஜனனி சுரக்‌ஷா என்று மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் கிராமத்துப் பெண்ணுக்கு 700 ரூபாய். அதிலும் முன்னால் இரண்டு பிரசவம் என்ற நிபந்தனை இருந்தது, 2013இல் எடுத்துவிட்டார்கள். பணம் சின்னதுதான், ஆனால் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். முக்கியமாக, ஏழாவது மாதம் என்றால் ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். யாராவது சத்தம் போடுவார்கள் என்று பயந்து போகாமல் இருக்கப் போகிறார்.


புதுவயல் பழைய கடைக்காரர்:

அட்டையில் என்ன குறியீடு இருக்கிறது என்று பாருங்கள் அக்கா. பிஎச்எச் என்று இருந்தால் முன்னுரிமை அட்டை. பிள்ளை பிறந்த உடனே பிறப்புச் சான்று வாங்கி, ஆதார் எடுத்துப் பெயர் சேர்த்துவிட்டால் மாதம் 5 கிலோ அரிசி கூடும். நிறையப் பேர் பள்ளிக்கூடம் சேர்க்கும்போதுதான் பெயர் சேர்க்கிறார்கள், அதுவரைக்கும் அந்த அரிசி போனது போனதுதான்.


தேவகோட்டை இ-சேவை அக்கா:

நேற்றுச் சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு ஆத்தங்குடிக்கே போய்விட்டேன். பட்டறை வாசலில் அடுக்கி வைத்த பூக்கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், மாதம் ஏறிவிட்டதால் தொட்டியில் கல் இறக்குகிற வேலை இல்லை, காய்ந்த கல்லைத் துடைத்துத் தாளில் சுற்றுகிற வேலையாம், கூலி குறைவு.

அட்டை பிஎச்எச்தான். ஆனால் இரண்டாவது பெண்ணின் பெயரே இன்னும் அதில் ஏறவில்லை, அவளுக்கு நான்கு வயது. நான்கு வருடமாக மூன்று பேராகவே அரிசி வாங்கியிருக்கிறார்கள். சேர்த்தால் பிறகு வருகிற பிள்ளைக்கு ஏதாவது கிடைக்காமல் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் போகவில்லை. நர்சம்மா சொன்னது அப்படியே சரி, திட்டுவார்கள் என்று பயம். வரும் செவ்வாய்க்கிழமை நானே கூடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சின்னவளின் பிறப்புச் சான்றை வாங்கி வந்துவிட்டேன், ராத்திரியே விண்ணப்பம் போட்டாயிற்று.